தங்கை சொன்ன விரதம்

என் தங்கை என்னிடம் பொய் சொன்னாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வரைக்கும் மூடி வைத்து அப்புறம் திறந்து காட்டுகிற சாமர்த்தியம் எனக்கு வராது. மூடி வைப்பது எங்கள் குடும்பத்தில் அவளுடைய வேலை.

நாங்கள் இரண்டு பேருமே குண்டு. சின்ன வயதில் பூசினாற்போல் இருந்தோம், கல்யாணத்துக்குப் பிறகு பருத்தோம், பிள்ளை பெற்ற பிறகு கேட்கவே வேண்டாம். வேங்கிக்காலில் நாங்கள் இருவரும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால், டிரைவர் அந்த சீட்டுக்கு மூன்றாவது ஆளைத் தேடமாட்டார். கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வோம். யாராவது நக்கலாகப் பார்த்தால் ஒருத்தி இலையிலிருந்து இன்னொருத்தி இலைக்கு அப்பளம் தாவும். "நான் உன்னவிட ரெண்டு கிலோ கம்மிக்கா," என்பாள். "நீ என்னவிட நாலு வயசும் கம்மிடி," என்பேன். குண்டாக இருப்பதில் இருக்கிற அவமானத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் இருந்தாள். அதனால் அது பெரிய பாரமாகத் தெரியவில்லை.

எனக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. ஆபீசுக்குப் பக்கத்திலேயே புதிதாகப் போட்ட நகரில் வீடு கட்டிக்கொண்டோம். அவளைக் கீழ்பென்னாத்தூரில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் நெல்லும் போடுகிற பெரிய குடும்பத்தில் கொடுத்திருந்தது. இரண்டு பேருக்கும் பிரஷர். அவளுக்குச் சர்க்கரையும் சேர்த்து. மாத்திரை டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டுதான் இருவரும் வெளியே கிளம்புவோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதம், அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனார் அவள் வீட்டுக்காரர். நான் லீவு போட்டுக்கொண்டு கிளம்பினேன். "சின்ன ஆபரேஷன்தாங்க அண்ணி. நீங்க எதுக்கு அலையுறீங்க?" என்று போனில் தடுத்துவிட்டார். சரி, மனுஷன் என் மூட்டுவலிக்குப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் திரும்பிய பிறகு போய்ப் பார்த்தேன். வயிற்றில் ஐந்து சின்னத் துளை போட்டு எடுத்ததாகச் சொன்னாள். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். அதில் கஞ்சித் தண்ணீரைத் தேன் நக்குவதுபோல் துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, இதான் சாப்பாடா?"

"வேண்டுதல்க்கா. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா ஒரு மண்டலம் விரதம் இருக்கறேன்னு அண்ணாமலையார்கிட்ட வேண்டிக்கினேன். பௌர்ணமிக்கு பௌர்ணமி மலையச் சுத்தி வரேன்னும்."

பக்கத்தில் அவள் மாமியார் உட்கார்ந்திருந்தார். "எங்க வீட்ல இப்பிடி ஒரு பக்திமானா," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாவது மாதம் அவள் பாதி ஆளாகிவிட்டாள். முதலில் கண்டுபிடித்தது எங்கள் எதிர்வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கிற பெண். அவளும் எங்கள் சைஸ்தான், எங்களைவிட வயதில் சின்னவள். எங்கள் இருவருடைய ரவிக்கையும் அவள்தான் தைப்பாள். என்னுடையதை வருஷத்துக்கு ஒருமுறை ஓரம் பிரித்து விடுவாள். அந்த வருஷம் தங்கையுடையதை ஒரே மாதத்தில் இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, "எப்படிக்கா?" என்று வாயைப் பிளந்தாள்.

"எல்லாம் அண்ணாமலையார்தான்," என்றாள் தங்கை.

அன்று நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னதை இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது என் கண்ணுக்குத் தெரிந்தது அவள் இடுப்பு மட்டும்தான்.

அந்த மாதப் பௌர்ணமிக்கு அவள் மலை சுற்றிவிட்டு வரும்போது, குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இடுக்குப் பிள்ளையார் கோயிலுக்குள் நுழைந்து வெளியே வந்துவிட்டாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அது கோயில் என்று பெயர்தானே ஒழிய, ஓர் ஆள் படுத்து, ஒருக்களித்து, ஊர்ந்துதான் அந்தப் பக்கம் வர முடியும். எங்களை மாதிரி ஆட்கள் வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவோம். என் தங்கை உள்ளே போய் அந்தப் பக்கம் வந்ததும் வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்களாம். அந்தக் கதை என் தெரு முழுக்கப் பரவியது. அதை ஆபீஸ் முழுக்கப் பரப்பியது நான்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆசைகூட இல்லை, பயம். என் பாதி அவமானத்தைச் சுமந்தவள் இறக்கி வைத்துவிட்டுப் போகிறாள், முழுசும் என் தலையில் விழப்போகிறது என்கிற பயம். ஒருநாள் அவளை உட்கார வைத்து விரதத்தின் விவரமெல்லாம் கேட்டேன். முதலில் பேச்சை மாற்றினாள். நான் விடவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள்: பதினைந்து நாள் வெறும் நீராகாரம், அடுத்த பதினைந்து நாள் மசித்துக் கரைத்தது, அதற்குப் பிறகு குழைய வேகவைத்தது. ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். வேகமாகக் குடிக்கக்கூடாது. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று விழுங்கவேண்டும். நான் அதை என் ஆபீஸ் டைரியில் நம்பர் போட்டு எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும் அவளிடம் படித்துக் காட்டி, சரிதானே என்றும் கேட்டேன்.

"சரிதான்," என்றாள்.

வயிறு வெட்டுப்படாமல் முழுசாக இருக்கிறவள் ஒரு கிண்ணம் கூழ் குடித்துவிட்டு நாள் முழுக்கக் கோப்பு பார்த்தால் என்ன ஆகும்? பைத்தியம் பிடிக்கும். மத்தியானம் பக்கத்து சீட்டுக்காரி டிபன் பாக்ஸைத் திறந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். பதினெட்டாம் நாள் கேன்டீனில் போய் நாலு போண்டா தின்றுவிட்டு, மறுநாள் முதலில் இருந்து ஆரம்பித்தேன். இப்படி மூன்று தடவை. தங்கை மட்டும் ஒரு கரண்டி உப்புமாவை வைத்துக்கொண்டு போதும் போதும் என்பாள். அவளுக்கு எப்படி முடிகிறது, எனக்கு ஏன் முடியவில்லை? நான் கண்டுபிடித்த பதில், எனக்குப் பக்தி போதவில்லை என்பது. நாக்கை அடக்கத் தெரியாத ஜென்மம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். அந்தத் திட்டு வெளியாட்கள் யாரும் திட்டாத திட்டு.

சாப்பாட்டில் தோற்றதை நடையில் ஈடு கட்டலாம் என்று மலை சுற்றக் கிளம்பினேன். பௌர்ணமி அன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் அவள் வந்துவிடுவாள். வெறுங்காலோடு இருவரும் நடப்போம். பதினாலு கிலோமீட்டர். அவள் முன்னால் போய் நிற்பாள், நான் வந்து சேர்வேன். வழியில் இருக்கிற எட்டு லிங்கக் கோயிலில் மூன்றாவதான எமலிங்கம் வரைக்கும் சமாளிப்பேன். நிருதி லிங்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். வாயு லிங்கத்துக்கிட்டே வரும்போது எனக்கு வாயுவே கிடைக்காது. "மெதுவா வாக்கா, அவசரமே இல்ல," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். அவ்வளவு அன்பாக நீட்டுவாள். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவளுக்கு முடி கொத்துக்கொத்தாகக் கொட்டிய ஒரு மாதம், திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அதுவும் வேண்டுதல் என்றாள். அடுத்த வாரமே நானும் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். இடுப்பு வரைக்கும் இருந்த முடி. என் வீட்டுக்காரர் வாசலில் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவ இளச்சிட்டான்னு நீ ஏன் இப்படி பறக்கிற?" என்றார். கோபத்தில் அவருக்கு இரண்டு நாள் குழம்பே வைக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டாள்தனத்தை மூன்றாவது பௌர்ணமியில் செய்தேன். அவள் தன் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் நிறுத்திவிட்டதாகச் சொல்லியிருந்தாள். டாக்டர்தான் ஒவ்வொன்றாகக் குறைத்தார் என்பதைச் சொல்லவில்லை. "இப்ப எதுவும் வேணாம்க்கா, நார்மல் ஆயிடுச்சி," என்றாள், அவ்வளவுதான். நடந்துகொண்டே நான் பெருமையாகச் சொன்னேன்:

"நானும் மாத்திரைய நிறுத்திட்டேன்டி. அவன் பாத்துக்குவான்."

அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் எங்களைத் தாண்டிப் போனார்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப்போகிறாள் என்று நானும் நின்றேன்.

"பாத்துக்கா," என்றாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள்.

ஏழாவது எட்டாவது பௌர்ணமியில் எனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கொலுசு சதைக்குள் புதைந்து போனது. நடந்து வந்ததும் தங்கை என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நல்லெண்ணெய் தேய்த்துவிடுவாள். அவள் விரல் அழுத்திய இடம் குழியாக விழுந்து அப்படியே நிற்கும். "இன்னாடி, களிமண்ணு மாதிரி நிக்குது," என்று நான் சிரிப்பேன். "நடந்த வீக்கம்க்கா," என்பாள். எண்ணெயைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பாள். இதற்குள் எனக்கு மட்டமாகப் படுத்தால் மூச்சு அடைத்தது. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். குளியலறைக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. அதையும் அவளிடம் சொன்னேன். அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பதினோராவது பௌர்ணமி அன்று காலை, குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், எனக்குக் கண் இருட்டியது. டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தங்கை என் முதுகைத் தடவிக்கொண்டே ஆட்டோ, ஆட்டோ என்று கத்தினாள்.

இதய டாக்டர் ஒரு சின்னப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். பேசுவதற்கு முன்னால் குனிந்து என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்தாள். குழி நின்றது. அந்தக் குழியைப் பார்த்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

எக்கோ எடுத்தார்கள். திரையில் என் இதயம் சோம்பலாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. "இந்த வீக்கம் எத்தன மாசமா இருக்கும்மா?" என்றாள். சொன்னேன். "மாத்திர?" நிறுத்திவிட்டேன் என்றேன். "யாரு நிறுத்தச் சொன்னாங்க?" யாரும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதான். என்னிடம் நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை.

அவள் திட்டவில்லை. "அம்மா, உங்க ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கருக்குப் போட்ட மோட்டார வச்சு ஆறு ஏக்கருக்கு எறச்சா இன்னா ஆகும்? உடம்பு பெருசாக ஆக ரத்தமும் ஜாஸ்தி ஆவுது. அத்தனையும் இதுதான் தள்ளணும். பிரஷர் அத எதுத்து நிக்குது. மொதல்ல இதோட சதை தடிச்சுது, இப்ப களச்சிப்போய்க் கெடக்கு. தண்ணியெல்லாம் காலுக்கும் நுரையீரலுக்கும் எறங்குது. நடக்கறது நல்லதுதான். ஆனா இந்த நெஞ்சோட பதினாலு கிலோமீட்டர் இல்ல."

நீர் போகிற மாத்திரை, பிரஷர் மாத்திரை, இதயத்துக்கு இரண்டு மாத்திரை. சில மாதத்தில் கால் வற்றியது, ஒரே தலையணையில் படுக்க முடிந்தது. ஆனால் எடை குறையாமல் இதயம் மேலே தேறாது, இவ்வளவு எடையைப் பட்டினியால் குறைத்து நிலைநிறுத்துவதும் நடக்காத காரியம் என்று சொல்லி, வயிற்றைச் சின்னதாக்குகிற ஆபரேஷனைப் பற்றிப் பேசினாள். எடை இறங்கினால் பிரஷர் இறங்கும், இதயத்தின் பாரம் இறங்கும். பலவீனமான இதயத்துக்கு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து உண்டு, அதனால் முதலில் தேற்றிவிட்டுத்தான் செய்வார்கள். எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். நான், "என் தங்கச்சி ஆபரேஷன் இல்லாமலே இளச்சா டாக்டர்," என்றேன். அவள் சென்னை டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

ஆபரேஷன் டாக்டரைப் பார்க்கச் சென்னைக்குப் போனோம். அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் ஒரு தாளைக் கொடுத்தாள். தமிழில் அச்சடித்த தாள். ஆபரேஷனுக்குப் பிறகு: முதல் பதினைந்து நாள் நீராகாரம். அடுத்த பதினைந்து நாள் மசித்துக் கரைத்தது. பிறகு குழைய வேகவைத்தது. ஒரு வேளைக்குச் சின்னக் கிண்ணம். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்து.

ஆபீசில் என் வேலையே அதுதான். மூலத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டு, சரியாக இருந்தால் பச்சை மையில் டிக் அடிப்பது. இருபத்தெட்டு வருஷம் செய்த வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி என் மனசு தானாக டிக் அடித்துக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து பழைய டைரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வரிகூடத் தப்பவில்லை. தாளின் கீழே இருந்த குறிப்புகள்: மூன்றாவது மாதம் முடி உதிரலாம், பயப்பட வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டாக்டர் குறைப்பார், தானாக நிறுத்தக்கூடாது.

தானாக நிறுத்தக்கூடாது. அந்த வரி அவளிடமும் இருந்திருக்கிறது.

மறுநாள் கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். அவள் களத்தில் காயவைத்த மல்லாட்டையைக் காலால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒல்லியாக, வேகமாக. டைரியையும் அந்தத் தாளையும் அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். தாளை நான்காக மடித்தாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்:

"மெதுவா பேசுக்கா. மாமியார் உள்ள இருக்காங்க."

நான் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"பொண்ணுக்கு வரன் பாக்கறாங்கக்கா. அம்மா வயித்த அறுத்துக்கினவன்னு தெரிஞ்சா, பொண்ணும் நாளைக்கு இப்பிடித்தான் ஊதும்னு சொல்லுவாங்கன்னு அவரு யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாரு. உங்கிட்ட மட்டும் சொல்லணும்னுதான் இருந்தேன். சத்தியமா. நீ அதுக்குள்ள ஆபீஸ் பூராவும் சொல்லி வச்சிட்ட. அப்புறம் எப்பிடிச் சொல்றது?"

"டைரியில எழுதும்போது சொல்லியிருக்கலாமே."

"நடந்தா உடம்புக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"மாத்திரைய நிறுத்திட்டேன்னு சொன்னேனே? நடுரோட்ல நின்னியே?"

அழ ஆரம்பித்தாள். அழுகையிலும் சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பதினொரு பௌர்ணமி என் இளைப்பைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நடந்திருக்கிறாள். என் காலில் விழுந்த குழிக்குள் எண்ணெய் தடவியிருக்கிறாள். வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். இவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மல்லாட்டையை மிதித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவள் கூப்பிட்டாள். மாமியாருக்குக் கேட்காத அளவுக்குத்தான் கூப்பிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஆபரேஷன் நடந்தது. உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, மயக்கம் தெளியுமோ தெளியாதோ என்று பயமாக இருந்தது. என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "மொட்ட தலையே உனக்கு நல்லாத்தான் இருந்துச்சி," என்றார். தெளிந்தது. வீட்டுக்கு வந்த அன்று வாசலில் தங்கை பையோடு நின்றிருந்தாள். நான் கூப்பிடவில்லை. ரசம் வைக்கத் தெரியாத என் வீட்டுக்காரர்தான் கூப்பிட்டிருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. அவள் வேலையை எடுத்துக்கொண்டாள். அதே சின்ன எவர்சில்வர் டம்ளரைக் கொண்டு வந்திருந்தாள். ஒரு ஸ்பூன் தண்ணீரை வாயில் விட்டதும், "உடனே முழுங்காத. வாயிலயே வச்சிக்க. வேகமா எறக்கினா நெஞ்சுல கல்லு மாதிரி நிக்கும், எச்சில் ஊறும்," என்பாள். சொன்னபடியே ஆகும். "இடது பக்கம் பெரிய துளை இருக்குல்ல, அந்தப் பக்கம் ஒருக்களிக்காத, தும்மல் வந்தா தலகாணிய வயித்துல அமுக்கிக்க." நான்காம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. "அது வரும்க்கா. நாலஞ்சு நாள் இருக்கும், அப்புறம் போயிடும். நான் மாட்டுக்கொட்டாயில போய் அழுவேன்," என்றாள்.

எல்லாம் தெரிந்திருக்கிறது. என் உடம்பில் அடுத்து என்ன நடக்கும் என்று என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இத்தனை அறிவையும் வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் என்னோடு மலை சுற்றியிருக்கிறாள். அவள் தண்ணீர் கொடுக்கக் கொடுக்க எனக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை. தனியாக மாட்டுக்கொட்டகையில் நின்று அழுதிருக்கிறாளே என்று பாவமாகவும் இருந்தது. அந்த இரக்கம் வந்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரப் பெண் இளநீரோடு பார்க்க வந்தாள். கட்டில் பக்கத்து நாற்காலியில் உட்காரும்போதே மூச்சு வாங்கியது. என்ன ஆபரேஷன் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள்:

"பித்தப்பையில கல்லு."

அதே வார்த்தை. எனக்குச் சொன்ன அதே குரல். இந்த முறை என் உடம்புக்கும் சேர்த்து.

"பாவம். சீக்கிரம் தேறி வாங்கக்கா," என்றாள் தையல்காரி. "நானும் இந்தப் பௌர்ணமிலேர்ந்து கிரிவலம் ஆரம்பிக்கறேன். பிரஷருக்கு மாத்திர முழுங்கி முழுங்கி அலுத்துப்போச்சி. உங்க தங்கச்சி மாதிரி எல்லாத்தையும் நிறுத்திட்டு நடக்க வேண்டிதுதான்."

"எனக்குக் கல்லு இல்லம்மா," என்றேன் நான். குரல் எழும்பவில்லை, ஆனாலும் சொன்னேன். "நெஞ்சு கெட்டுப்போச்சி. அதுக்காக வயித்துல பாதிக்கு மேல வெட்டி எடுத்துட்டாங்க. மாத்திரைய நிறுத்திட்டு நடந்ததுல வந்த வினை."

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். "உங்களுக்கு அன்னைக்குக் கல்லுதானேக்கா எடுத்தாங்க?"

நான் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா," என்றாள். "எனக்குக் கல்லுதான்."

"அப்ப சரி," என்றாள் அந்தப் பெண், மனசு லேசாகி. "உங்க வழியே போறேன்."

நான் மெதுவாகக் கட்டிலிலிருந்து காலை இறக்கினேன். குனியக்கூடாது, ஆனாலும் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு குனிந்தேன். அந்தப் பெண்ணின் புடவையைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். குழி விழுந்து நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். அது மூடவில்லை.

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். "நீங்க நடக்காதீங்க," என்றாள் அந்தப் பெண்ணிடம். "மாத்திரய நிறுத்தாதீங்க. நாளைக்கே போய் நெஞ்சு டாக்டர பாருங்க." சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அந்தப் பெண் மறுநாளே போனாள். சரியான நேரத்தில் வந்தாய் என்றார்களாம். இப்போது என் இதயமும் முன்னைவிட நன்றாக இறைக்கிறது, இரண்டு மாத்திரை குறைந்திருக்கிறது, மற்றது தொடர்கிறது. எனக்கு இளைத்ததெப்படி என்று கேட்கிறவர்களுக்குத் தழும்பைக் காட்டுகிறேன். தங்கையின் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பந்தியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு கரண்டி சாப்பிட்டோம். சிரித்தோம்கூட. ஆனால் நடக்காதே, மாத்திரையை நிறுத்தாதே, டாக்டரைப் பார் என்று எதிர்வீட்டுக்காரிக்குச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தன் ரகசியத்தில் ஒரு நூல் அவிழாமலேயே சொல்லிவிட்டாள். அந்த மூன்று வாக்கியத்தைக் கூடப் பிறந்தவளுக்குச் சொல்லப் பதினொரு பௌர்ணமி போதவில்லை.